கிராமப்புறத்துத் திறந்தவெளிச் சிற்பப் பூங்கா: ஒரே நாளில் எப்படிப் பார்ப்பது?

சுவடி எழுதியது:

வணக்கம். அடுத்த மாதம் ஒரு திறந்தவெளிச் சிற்பப் பூங்காவுக்குப் போவதாக இருக்கிறோம். நகரத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, புல்வெளியும் காடும் குளமுமாகப் பரந்து கிடக்கும் இடம். அவர்கள் அனுப்பிய வரைபடத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட எண்கள் இருக்கின்றன. ஒவ்வோர் எண்ணும் ஒரு சிற்பமாம். பார்த்தவுடனே மலைப்பாகிவிட்டது.

போகிறவர்கள் நான், அப்பா, என் மகள். அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். ஊன்றுகோலோடு நடப்பார், ஆனால் ஏற்றம் என்றால் சிரமம். நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். "வெட்டவெளியில் சிலையை வைத்துவிட்டு அதற்கு ஒரு சீட்டா?" என்று இப்போதே கிண்டல் தொடங்கிவிட்டது. மகளுக்குப் பத்து வயது. ஓரிடத்தில் இரண்டு நிமிடம் நின்றால் பெரிய விஷயம்.

அவர்களைக் கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். என்னைத்தான் எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. மனித உருவமாக இருந்தால் முகத்தைப் பார்ப்பேன், கையைப் பார்ப்பேன், எனக்கும் ஏதோ புரியும். இந்த நவீனச் சிற்பங்கள் முன்னால் நின்றால் கை கால் எங்கே வைப்பது என்றே தெரிவதில்லை. பலகையைப் படித்தால் "தலைப்பில்லை, எஃகு" என்று இருக்கும். சரி என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து படங்களைப் புரட்டினால் எது எது என்று எனக்கே அடையாளம் தெரியாது. இந்தத் தடவையாவது அப்படி ஆகக்கூடாது.

கலை வரலாற்றுப் பாடமெல்லாம் வேண்டாம். அந்த இடத்தில் நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் போதும். அப்புறம், தொடலாமா கூடாதா என்பதும் எனக்கு எப்போதும் குழப்பம். ஒன்றில் குழந்தைகள் ஏறி விளையாடுகிறார்கள், பக்கத்திலேயே இன்னொன்றில் "தொடாதீர்கள்" என்று பலகை. இரண்டும் இரும்புதானே?

வெயில்வாசி எழுதியது:

அப்பா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். போவதற்கு முன்பே பூங்காவுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். பெரிய பூங்காக்கள் பலவற்றில் மின்வண்டியோ, சுற்றி வரும் சிறிய பேருந்தோ இருக்கும். சில இடங்களில் சக்கர நாற்காலி இரவல் தருவார்கள். ஆனால் எல்லாச் சிற்பமும் பாதையோரம் இருக்காது. எவை தார்ப்பாதையில், எவை சரளைப் பாதையில், எவை வெறும் புல்லில் என்று பிரித்துக் கேளுங்கள். வரைபடத்தில் ஏற்ற இறக்கம் தெரியாது. கையளவு தூரம் என்று நினைத்துப் போனால் நடுவில் ஒரு மேடு இருக்கும்.

காலையில் புல் பனியில் நனைந்திருக்கும். துணி ஷூ உடனே ஊறிவிடும், ஊன்றுகோலும் வழுக்கும். கோலின் அடியில் புது ரப்பர் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உயரமான புல்லுக்குள் இறங்குவதாக இருந்தால் முழுக்கால் சட்டை. குளிர்நாடுகளில் இதுபோன்ற புல்வெளியில் உண்ணி ஏறிக்கொள்ளும், மான் நடமாடும் இடமென்றால் கேட்கவே வேண்டாம். திரும்பி வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், காதுமடலுக்குப் பின்னால் எல்லாம் பார்த்துவிட வேண்டும், குறிப்பாகக் குழந்தைக்கு.

இன்னொன்று, குளிர்காலத்தில் பல பூங்காக்கள் மூடிவிடும், அல்லது பாதியை அடைத்துவிடும். போகிற மாதத்தில் எந்தப் பகுதி திறந்திருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கலையைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். அதற்கு இங்கே ஆள் வருவார்கள்.

துருப்பிடித்தவன் எழுதியது:

வந்துவிட்டேன்.

சகோதரி, வெளியில் நிற்கும் சிலைகளைக் கழுவி, மெழுகு பூசி, பெயிண்ட் அடித்துப் பிழைத்தவன் நான். இப்போது ஓய்வு. விமர்சனம் எழுதவெல்லாம் எனக்கு வராது. ஒரே சிலையோடு நாள் முழுக்க ஏணியில் நின்றதால் வந்த அறிவுதான் இருக்கிறது, அதை வைத்துச் சொல்கிறேன்.

எண்பதை மறந்துவிடுங்கள். ஐந்தோ ஆறோ தேர்ந்தெடுங்கள், மற்றவை வழியில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். காரணம் சோம்பல் அல்ல. இத்தகைய பூங்காக்களில் ஒரு சிற்பத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே விட்டிருக்கும் தூரத்தை யாரோ நின்று நிதானித்து விட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்கா 1977இல் தொடங்கியது, அமெரிக்காவின் ஸ்டார்ம் கிங் 1960இல். இரண்டும் ஏறக்குறைய 500 ஏக்கர். அவ்வளவு நிலத்தை நிரப்பாமல் வைத்திருப்பதே ஒரு வேலை. மேட்டின் மேல் விரல் உயரத்தில் ஒன்று தெரியும். நடப்பீர்கள், மரக்கூட்டம் மறைக்கும். பள்ளத்தில் இறங்கினால் காணாமல் போகும். ஏறி வந்தால் திடீரென்று தலைக்கு மேல் நிற்கும். அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் பார்த்ததெல்லாம் அந்தச் சிற்பத்தைச் சேர்ந்தது. எண்பதையும் முடிக்க ஓடினால் முதலில் பறிபோவது இதுதான்.

அதனால் ஒன்றைத் தூரத்தில் பார்த்தவுடனே நின்றுவிடுங்கள். அங்கிருந்து அது எதைப் போல இருக்கிறது என்று மூவரும் ஒரு தடவை சொல்லிக்கொள்ளுங்கள். கிட்டே போனதும் அந்த எண்ணம் பெரும்பாலும் உடைந்துவிடும், உடைய வேண்டும். பலகையைக் கடைசியில் படியுங்கள்.

பக்கத்தில் போனதும் முதலில் தரையைப் பாருங்கள். சிற்பத்தைச் சுற்றி ஏதோ ஓரிடத்தில் புல் தேய்ந்து மண் தெரியும். எல்லாரும் நின்று படம் எடுக்கும் இடம் அது. நீங்கள் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள். வெட்டவெளியில் ஒரு சிற்பத்தை வைத்தால் அதற்கு முதுகு என்று ஒன்று கிடையாது, எல்லாப் பக்கமும் பதில் சொல்லியாக வேண்டும். நல்ல சிற்பிக்கும் சுமாரான சிற்பிக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அந்தப் பின்பக்கத்தில்தான் தெரிந்திருக்கிறது. முன்னால் பிரமாதமாக இருப்பது பின்னால் வந்தால் வெறும் தகட்டு மடிப்பாக நிற்கும்.

வெண்கலம் என்றால் அடிவிளிம்பில் தேடிப்பாருங்கள். வார்ப்பகத்தின் முத்திரையும் 3/6 போல ஓர் எண்ணும் இருக்கலாம். ஆறு பிரதிகளில் மூன்றாவது என்று பொருள். அதன் உடன்பிறப்புகள் வேறு கண்டங்களில் நின்றுகொண்டிருக்கும். பெரிய வெண்கலச் சிற்பம் உள்ளே கூடு. சுவரின் கனம் பெரும்பாலும் விரல் தடிமன் கூட இருக்காது. துண்டு துண்டாக வார்த்து, பற்றவைத்து, தையல் தெரியாமல் அராவி எடுத்திருப்பார்கள். கூர்ந்து பார்த்தால் சில இடங்களில் அந்தக் கோடு தெரியும். கண்டுபிடித்துவிட்டால் உங்கள் மகள் உங்களை விடமாட்டாள்.

துளை இருந்தால் அதன் வழியாகப் பாருங்கள். பார்பரா ஹெப்வர்த் என்ற சிற்பி 1930களிலேயே வடிவத்தை ஊடுருவித் துளைக்கத் தொடங்கிவிட்டார். அவர் பிறந்த வேக்ஃபீல்டுக்குப் பக்கத்தில்தான் யார்க்‌ஷயர் பூங்கா இருக்கிறது. 1970இல் அவர் செய்த 'மனிதக் குடும்பம்' அங்கே ஒரு சரிவில் நிற்கிறது. ஒன்பது வெண்கல உருவங்கள், கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல. துளைக்குள் ஒரு மரம் வரும். நீங்கள் ஓர் அடி நகர்ந்தால் மரம் போய் மேகம் வரும். உள்ளரங்கத்தில் அந்தத் துளைக்குள் எதிர்ச் சுவர்தான் தெரியும்.

ஹென்றி மூர் தன் சிற்பங்களுக்குப் பக்கத்தில் ஆடு மேய்வதை விரும்பியவர். ஆடு சரியான உயரமாம். மாடோ குதிரையோ வந்து நின்றால் சிற்பம் சின்னதாகிவிடும் என்பது அவர் கணக்கு. யார்க்‌ஷயரில் இன்றும் அவர் சிற்பங்களுக்கு நடுவே ஆடுகள் மேய்கின்றன. அவை வெண்கலத்தில் முதுகைத் தேய்த்துக்கொள்ளும். "தொடாதீர்கள்" பலகையை அவை படிப்பதில்லை.

தொடுவது பற்றிக் கேட்டீர்கள். என் பிழைப்பே அதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வெண்கலத்தின் பச்சையோ பழுப்போ பெயிண்ட் இல்லை. சூடுகாட்டி, ரசாயனம் தடவி, உலோகத்தின் மேற்தோலையே நிறம் மாற்றி வரவழைப்பது. அதன்மேல் மெல்லிய மெழுகுப் படலம். வருடத்துக்கு ஒரு தடவையாவது மென்மையான சோப்புநீரில் கழுவி, காயவிட்டு, மெழுகு பூசித் துணியால் தேய்ப்போம். நல்ல வெயில் நாளாகப் பார்த்துச் செய்ய வேண்டும், உலோகத்தில் ஈரம் இருந்தால் மெழுகுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். மனிதக் கையின் வியர்வையில் உப்பும் அமிலமும் உண்டு. ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது. எல்லாரும் ஒரே முழங்காலைத் தொட்டால் மெழுகு போய், நிறம் போய், அந்த முழங்கால் மட்டும் தங்கம் மாதிரிப் பளபளக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்பார்கள். சிற்பி அதை அப்படிச் செய்யவில்லை. பறவை எச்சம் இன்னும் மோசம். ஒரு கொக்குக் குடும்பத்தோடு எனக்கு நீண்ட காலப் பகை இருந்தது, அது வேறு கதை.

துருநிறத்தில் நிற்கும் எஃகு வேறு சாதி. கார்ட்டன் எஃகு என்பார்கள். அதில் செம்பும் குரோமியமும் கொஞ்சம் கலந்திருக்கும். சாதாரண இரும்பின் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து உள்ளே தின்றுகொண்டே போகும். இதில் துரு இறுகிப் படிந்து அடியில் இருப்பதைக் காக்கிறது. ஆனால் நனைந்து, காய்ந்து, நனைந்து, காய்ந்து வந்தால்தான் அந்தப் படிவு உருவாகும். அடியில் ஈரச்சருகு குவிந்து காயவே விடாமல் வைத்திருந்தால் அதுவும் அரித்துப்போகும். பெருக்குகிறவர் இல்லாத பூங்காவில் கார்ட்டன் வைக்கக்கூடாது என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். உங்களுக்குத் தேவையான செய்தி: வெள்ளைச் சட்டையோடு சாயாதீர்கள். கறை போகாது.

மிகவும் நோஞ்சான், பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் பெயிண்ட் அடித்த எஃகுதான். பளிச்சென்ற சிவப்பில் இருபது அடி உயரத்துக்கு நிற்கும், ஒரு பிள்ளை ஷூவோடு ஏறினால் கீறல். கீறலில் தண்ணீர் இறங்கினால் உள்ளே துரு தொடங்கும், பெயிண்ட் கொப்பளிக்கும். கொஞ்ச இடத்தில் தொட்டுப் பூசினால் வெயிலில் வெளிறிய பழைய நிறத்தோடு ஒட்டாது. கடைசியில் முழுவதையும் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டியதாகிவிடும். செலவைக் கேட்டால் பூங்காக்காரர்களுக்குத் தலை சுற்றும். பக்கத்திலிருக்கும் மரமோ கருங்கல்லோ, ஏறுவதற்கென்றே செய்திருந்தால், ஒன்றும் ஆகாது. இரண்டும் இரும்புதானே என்றால், இல்லை. சந்தேகம் வந்தால் பணியாளரிடம் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்களிடம் யாருமே எதுவும் கேட்பதில்லை, கேட்டால் அரை மணி நேரம் பேசுவோம்.

நேரம் என்றால் காலை அல்லது சாயங்காலம். உச்சி வெயிலில் எல்லாமே தட்டையாகிவிடும். சாய்ந்த வெயிலில்தான் உளி பட்ட தடம், அராவிய தடம் எல்லாம் எழுந்து வரும். முடிந்தால் காலையில் பார்த்த ஒன்றைத் திரும்பும் வழியில் இன்னொரு தடவை பாருங்கள்.

அரைப்பக்கம் எழுதியது:

அண்ணன் அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் நான் எதிர்க்கட்சி. பராமரிப்பு எல்லாம் புரிகிறது. ஆனால் அந்த மலையும் குளமும் ஆயிரக்கணக்கான வருடமாக அங்கேதான் இருக்கின்றன, தன்னாலேயே அழகாக இருக்கின்றன. அதன் நடுவில் நாலு எஃகுத் தகட்டை நட்டுவிட்டு "இப்போது பார்" என்றால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பெரும் பணக்காரர்களுக்கு நிலம் இருந்தது, கிரேன் இருந்தது, அதனால் வைத்தார்கள். சுவடி அக்காவின் அப்பா கேட்டது சரியான கேள்வி. நான் ஒரு பூங்காவுக்குப் போனேன், எனக்குப் பிடித்தது அங்கே இருந்த ஓக் மரம் மட்டும்தான்.

துருப்பிடித்தவன் எழுதியது:

தம்பி, ஓக் மரம் பிடித்ததில் தப்பே இல்லை. நிறையச் சிற்பங்கள் நீங்கள் சொல்கிற மாதிரிதான், கிரேன் இருந்ததால் வந்தவை. பட்டியல் போட்டால் வம்பு.

ஆனால் "நாலு எஃகுத் தகடு" என்று சொன்னீர்கள் பாருங்கள், அப்படியே ஒன்று இருக்கிறது. ஸ்டார்ம் கிங்கில் ரிச்சர்ட் செர்ரா 1990-91இல் வைத்தது. நிஜமாகவே நாலு தகடு, ஒவ்வொன்றும் இரண்டரை அங்குல கனம். நீண்ட சரிவான புல்வெளியில் இடைவெளி விட்டுப் புதைத்திருக்கிறார். தகட்டின் மேல்விளிம்பு மட்டமாக ஓடும், நிலம் கீழே சரியும். அதனால் ஒருமுனை மண்ணோடு மண்ணாக முளைத்து, மறுமுனை ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். தகடு இல்லாதபோது அந்த மைதானம் வெறும் பச்சை. தகடு வந்த பிறகு, நிலம் எங்கே எவ்வளவு இறங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. சுவடி, இதை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். மட்டக்கோட்டையும் சரிவையும் வைத்து வாழ்ந்தவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவர்தான் நமக்கு விளக்குவார்.

இயற்கையைக் கெடுக்கிறார்கள் என்றீர்கள். அதே பூங்காவில் மாயா லின் செய்தது, சரளைக்கல் தோண்டிச் சூறையாடிய ஒரு பழைய குழியில். அங்கே மண்ணை ஏழு வரிசை அலைகளாகக் குவித்துப் புல் வளர்த்திருக்கிறார். இரண்டு அலைகளுக்கு நடுவே இறங்கினால் பக்கத்து வரிசையில் நடப்பவர் தெரியமாட்டார். அப்புறம் ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி 1997-98இல் கட்டிய கல்சுவர், 2,278 அடி நீளம், சுண்ணாம்பு சிமெண்ட் எதுவும் இல்லாமல் கல்லை அடுக்கியே எழுப்பியது. முன்பு அங்கே பண்ணைச் சுவர் ஒன்று இடிந்து கிடந்தது, அதன் தடத்தில்தான் ஆரம்பிக்கிறது. மரம் குறுக்கே வந்தால் மரத்தை வெட்டவில்லை, சுவர் வளைந்து போகிறது. அப்படி ஒவ்வொரு மரத்துக்கும் வழிவிட்டு வளைந்து வளைந்து போய், குளத்துக்குள் இறங்கி, அக்கரையில் ஏறி நேராகப் போய்விடும். ஓக் மரத்துக்கு மரியாதை கொடுத்த சிற்பம் இல்லையா அது?

பணக்காரர் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

அரைப்பக்கம் எழுதியது:

சுவர் வளைந்து போவதை ஒப்புக்கொள்கிறேன். தகட்டை இன்னும் இல்லை.

நாலாம்வரிசை எழுதியது:

குழந்தையைப் பற்றி யாருமே பேசவில்லையே! நான் இரண்டு வாண்டுகளோடு இந்த மாதிரிப் பூங்காக்களுக்குப் போகிறவள். அழைத்துப் போனால் "இது என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைகள் உடனே பரீட்சை என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளும். "இதை எப்படி இங்கே கொண்டுவந்திருப்பார்கள்?" என்று கேளுங்கள். லாரியிலா, துண்டு துண்டாகவா, இந்தப் பாதையில் அந்த லாரி திரும்புமா, காற்றடித்தால் ஏன் சாயவில்லை, அடியில் எவ்வளவு கான்கிரீட் இருக்கும் என்று அவர்களே கிளம்பிவிடுவார்கள். ஸ்டார்ம் கிங்கில் மெனாஷே கதிஷ்மன் என்பவர் செய்தது ஒன்று உண்டு. இரண்டு பிரம்மாண்ட எஃகுக் கட்டைகள், ஒன்று மற்றொன்றின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். எப்படி விழாமல் நிற்கிறது என்பதற்கு விடை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அது மாதிரி ஒன்று மாட்டினால் ஒரு மணி நேரம் நிம்மதி.

ஏறி இறங்கி விளையாடவே செய்தவையும் உண்டு, அவற்றை வரைபடத்தில் முதலிலேயே குறித்துவைத்து, நாளின் நடுவில் வரும்படி பாதையை அமைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் ஹகோனே திறந்தவெளி அருங்காட்சியகம் 1969லிருந்து இருக்கிறது. அங்கே வலை பின்னிச் செய்த ஒரு பெரிய படைப்புக்குள் குழந்தைகள் புகுந்து தொங்குவார்கள். பெரியவர்களுக்கு வெந்நீர் ஊற்றில் கால் நனைக்கும் இடமும் உண்டு, அப்பா மாதிரி ஆட்களுக்குச் சொர்க்கம். நெதர்லாந்தின் க்ரொல்லர்-முல்லர் அருங்காட்சியகத் தோட்டத்தில் டுபுஃபே செய்த வெள்ளை மேடை, மேலே தாறுமாறாகக் கறுப்புக் கோடுகள். படி ஏறி உள்ளே போனால் ஒரு சித்திரத்துக்குள் நடப்பது போல இருக்கும், மேடு பள்ளம் கண்ணுக்குப் பிடிபடாது, பார்த்து நடக்க வேண்டும். அதே தோட்டத்தில் மார்த்தா பான் செய்த வெள்ளைச் சிற்பம் குளத்தில் மிதக்கிறது, காற்றுக்குத் தகுந்தபடி நகரும்.

காற்று என்றதும் நினைவுக்கு வருகிறது. ஜார்ஜ் ரிக்கி என்பவரின் சிற்பங்கள் பல பூங்காக்களில் இருக்கும், துருப்பிடிக்காத எஃகில் நீண்ட வாள்களோ சதுரங்களோ, ஊசிமுனை மாதிரி நுட்பமான அச்சில் நிற்கும். முதலில் பார்த்தால் அசையாது. போய்விடாதீர்கள். இலை கூட அசையாத காற்றில் அது மெதுவாகத் திரும்பத் தொடங்கும். என் சின்னவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளின் முன்னால் பேசாமல் நின்றது அங்கேதான்.

கேமராவை மகளிடம் கொடுத்துவிடுங்கள். அவள் எடுக்கும் படங்களில் பாதி எறும்பும் நத்தையுமாக இருக்கும், பரவாயில்லை. மீதிப் பாதியில் உங்களுக்குத் தெரியாத கோணங்கள் இருக்கும்.

வெயில்வாசி எழுதியது:

குழந்தைகள் ஏறி விளையாடுவது என்றதும் ஒரு விஷயம். வெயில் காலத்தில் உலோகச் சிற்பங்கள் கொதிக்கும். கறுப்பு வெண்கலத்தில் உட்கார்ந்து குழந்தைகள் துள்ளிக் குதித்ததைப் பார்த்திருக்கிறேன். இடி மின்னல் கேட்டால் உயரமான சிற்பத்தடியிலோ தனி மரத்தடியிலோ ஒதுங்கவே கூடாது. உடனே கட்டடத்துக்கோ வண்டிக்கோ போய்விடுங்கள். அப்பாவால் வேகமாக நடக்க முடியாது, அதனால் வானம் கறுத்தவுடனே கிளம்பிவிட வேண்டும்.

சுவடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. செர்ராவின் தகடுகளை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "மேல்விளிம்பை மட்டத்தில் வைக்க எந்தக் கருவி வைத்துப் பார்த்திருப்பார்கள்? அந்தத் தகடு நாள்பட மண்ணில் இறங்காதா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் போகிற பூங்காவில் செர்ரா இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாற்றம் வேறு. வரைபடத்தை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கே ஏற்றம் இருக்கும் என்று குளத்தையும் ஓடையையும் வைத்துக் குத்துமதிப்பாகப் பென்சிலில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். இனி நான் தொலைபேசியில் கேட்டாலும் நம்பமாட்டார்.

துருப்பிடித்தவன் ஐயாவுக்கு இரண்டு கேள்வி. அப்பா உட்கார்ந்தபடியே பார்க்கத் தகுந்த சிற்பங்கள் என்று எதுவும் உண்டா? அதோடு, நாங்கள் போகும் நாளில் மழை வரலாம் என்கிறார்கள், இடி இல்லாத சாதாரண மழைதான். தேதியை மாற்றலாமா?

துருப்பிடித்தவன் எழுதியது:

அந்தப் பென்சில் கோட்டை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.

உட்கார்ந்து பார்க்கவே கட்டியவை உண்டு. யார்க்‌ஷயரில் பதினெட்டாம் நூற்றாண்டில் மான்கள் ஒதுங்கக் கட்டிய ஒரு கற்கூடம். அதற்குள் ஜேம்ஸ் டரெல் 2006இல் ஓர் அறை அமைத்திருக்கிறார். சுற்றிலும் கான்கிரீட் இருக்கை, கூரையில் ஒரு சதுரத் திறப்பு, அவ்வளவுதான். உட்கார்ந்து மேலே பார்த்தால் வானம் ஒரு தகடு போலக் கூரையோடு ஒட்டிக்கொண்டு தெரியும், மேகம் நகர்ந்தால்தான் அதற்கு ஆழம் வரும். பிரேசிலின் இன்யோட்டிம் என்ற கலைப் பூங்காவில் டக் எய்ட்கன் என்பவர் 200 மீட்டருக்கு மேல் ஆழமாகத் துளை போட்டு, உள்ளே மைக்கை இறக்கி, பூமியின் சத்தத்தை மேலே ஒரு கண்ணாடி அறையில் கேட்க வைத்திருக்கிறார். உங்கள் பூங்காவில் இது போல அறை, கூடாரம், குகை என்று ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும். இல்லாவிட்டால் மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். பெரிய சிற்பத்தைச் சற்றுத் தள்ளி ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், நீங்கள் சுற்றிவந்து பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்லுங்கள். அவர் முன்பக்கத்தைச் சொல்லட்டும். ஒத்துப்போகாது, அதில்தான் சுவாரசியம்.

தேதியை மாற்றாதீர்கள். கூட்டம் குறையும். நனைந்த கார்ட்டன் காய்ந்ததை விட அடர்ந்து கறுத்த செம்மையில் இருக்கும், கருங்கல் இருண்டு அதன் புள்ளிகள் துலங்கும். மெழுகு பூசிய வெண்கலத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். முத்தாக நிற்காமல் பரவினால் அங்கே மெழுகு போய்விட்டது என்று அர்த்தம், அலுவலகத்தில் சொல்லிவிட்டு வாருங்கள், அங்கே என்னைப் போல ஒருவர் இருப்பார், சந்தோஷப்படுவார். குடை மட்டும் வேண்டாம். காற்றில் திருப்பிக்கொண்டு கம்பி பெயிண்டில் கீறிவிடும். மூன்று பேருக்கும் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குத் தலையை மூடும் தொப்பியோடு வாங்குங்கள், ஊன்றுகோல் பிடிக்க ஒரு கை வேண்டுமே.